உருது மொழியினரின் ஆங்கில எளிய நிகழ்காலத் தொடர்க் கற்றல்: இயைபு அமரும் இடம் குறித்த ஓர் ஒப்பீட்டாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில எளிய நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்குரிய 'ஸ்' விகுதியை விட்டுவிடுதல், வேண்டாத இடத்தில் 'இஸ்' சேர்த்தல், 'டஸ்' இன்றி எதிர்மறை அமைத்தல் ஆகியன உருதுவைத் தாய்மொழியாகவோ கல்விமொழியாகவோ கொண்டோரிடம் காணப்படும் பிழைகளாகும். உருதுவில் எழுவாய்–வினை இயைபு தளர்வானது என்பதால் இவை நேர்கின்றன எனக் கருதுவது பொருந்தாது. உருது வினை ஆங்கில வினையைக் காட்டிலும் இயைபு மிக்கது. எண், இடம், பால், மதிப்பு ஆகிய செய்திகள் தொடரின் எந்த உறுப்பில் அமர்கின்றன என்பதிலேயே இருமொழிகளும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கண மரபின் கருத்துகளோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உருது, எளிய நிகழ்காலம், இயைபு, உயர்வுப் பன்மை, நான்காம் வேற்றுமை எழுவாய், பிழையாய்வு.

முன்னுரை

பாகிஸ்தானில் உருது தேசிய மொழி. ஆயினும் 2017ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் 7.08 விழுக்காட்டினரே. பஞ்சாபி, சிந்தி, பஷ்தோ, சராய்க்கி முதலியவற்றை வீட்டில் பேசும் மாணவர் பலர் உருதுவின் வழியாகவே ஆங்கில இலக்கணத்தைப் பயில்கின்றனர். இந்தியாவில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு உருதுவைத் தாய்மொழியாகக் குறித்தோரை ஏறத்தாழ 5.07 கோடி எனக் காட்டுகிறது. தமிழ்நாட்டு மக்களுள் 1.75 விழுக்காட்டினர் இவ்வகையினர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, சென்னைத் திருவல்லிக்கேணி ஆகிய இடங்களில் இவர்கள் செறிந்து வாழ்கின்றனர். இவர்தம் பிள்ளைகள் வீட்டில் உருதுவின் தென்னக வடிவமான தக்கனியையும், பள்ளியில் தமிழையும் ஆங்கிலத்தையும் கையாள்கின்றனர். எனவே உருது மொழியினரின் ஆங்கிலக் கற்றல் தமிழாய்வுக்கு அயலான பொருளன்று.

பிறமொழி கற்போரின் இடர்களைத் தாய்மொழியோடு ஒப்பிட்டு முன்னறியலாம் என்னும் கருத்தை ராபர்ட் லாடோ 1957இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். பிழை என்பது களையப்பட வேண்டிய குறை மட்டுமன்று. கற்போன் உள்ளத்தில் உருவாகிவரும் ஒழுங்கின் சான்றும் ஆகும் என்று 1967இல் பிட் கோர்டர் விளக்கினார். இவ்விரு நோக்குகளும் இக்கட்டுரைக்கு அடிப்படை. எனினும் ஒப்பீட்டின் எல்லையையும் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெறும் குழந்தைகளும்கூட 'ஸ்' விகுதியைக் காலந்தாழ்த்தியே பெறுகின்றனர் என்பதை ரோஜர் பிரவுன் 1973இல் காட்டியுள்ளார். ஆகவே உருது மாணவர் இவ்விகுதியை விடும் ஒவ்வோரிடத்திற்கும் உருதுவையே காரணமாக்குதல் மிகைக்கூற்றாகும். எவ்விடங்களில் உருதுவின் தாக்கம் உண்மையில் செயற்படுகிறது, எவ்விடங்களில் அது வெறும் ஐயம் என்று பிரித்தறிவதே பயனுடையது.

ஓர் அடையாள விதி

உருது வழி ஆங்கில இலக்கண நூல்களில் எளிய நிகழ்காலம் 'ஃபேல் ஹால் முத்லக்' எனப்படும். 'ஃபேல்' வினை, 'ஹால்' நிகழ்காலம், 'முத்லக்' என்பது கட்டுப்படுத்தப்படாதது, வரையறையற்றது எனப் பொருள்படும் அரபுச்சொல். இப்பெயரை அடுத்து வழக்கமாக வருவது 'பஹ்சான்' எனப்படும் அடையாள விதி: உருதுத் தொடரின் இறுதியில் 'தா ஹை', 'தீ ஹை', 'தே ஹைன்' முதலியவை வந்தால் ஆங்கிலத்தில் எளிய நிகழ்காலம் வரும், 'ரஹா ஹை', 'ரஹீ ஹை', 'ரஹே ஹைன்' வந்தால் தொடர்நிகழ்காலம் வரும். (உருதுவின் மூக்கொலி உயிர்கள் இக்கட்டுரையில் 'ன்' கொண்டு குறிக்கப்படுகின்றன.)

'வோ ஜாதா ஹை' என்பதற்கு 'ஹி கோஸ்'. 'வோ ஜா ரஹா ஹை' என்பதற்கு 'ஹி இஸ் கோயிங்'. விதி எளியது, நினைவில் நிற்பது, தொடக்க நிலையில் பெரும்பாலும் சரியான விடையையே தருவது. தமிழ் மாணவனுக்கு இத்தகைய வசதி இல்லை என்பதும் இங்கு நோக்கத்தக்கது. 'அவன் போகிறான்' என்னும் ஒரே வடிவம் நாள்தோறும் போவதையும் இப்போது போய்க்கொண்டிருப்பதையும் குறிக்கவல்லது. உருதுவோ வழக்கத்தையும் நடப்பையும் ஆங்கிலம் போலவே இருவேறு வடிவங்களில் பிரித்து வைத்துள்ளது. அந்த அளவில் உருது மாணவன் நற்பேறு உடையவன்.

எனினும் விதியின் எளிமையே இரு பிழைகளுக்கு வாயிலாகிறது. முதலாவது, 'ஹை' என்னும் சொல்லைப் பற்றியது. 'வோ டாக்டர் ஹை' என்பதற்கு 'ஹி இஸ் எ டாக்டர்' என்று மாணவன் முதற்பாடத்திலேயே கற்றுவிடுகிறான். 'ஹை' என்றால் 'இஸ்' எனும் சமன்பாடு அங்கு வேரூன்றுகிறது. பின்னர் 'வோ ஜாதா ஹை' வரும்போது அங்குள்ள 'ஹை'யை என்ன செய்வது? அதனை மொழிபெயர்க்காமல் விட வேண்டும் என்று எவரும் அவனுக்குச் சொல்வதில்லை. 'ஹி இஸ் கோ' என்னும் பிழை இவ்வாறு பிறக்கிறது. 'ஜா'வுக்குக் 'கோ'வும் 'ஹை'க்கு 'இஸ்'ஸும் தந்துவிட்ட மாணவன் தன் கணக்கில் எதையும் விடவில்லை.

'ஐ ஆம் நோயிங்' என்னும் வழக்கைத் தெற்காசிய ஆங்கிலத்தின் பொதுக்குறையாகக் காட்டி, தாய்மொழியின் தொடர்வினை அமைப்பே அதற்குக் காரணம் என்பர். உருதுவைப் பொறுத்தவரை இவ்விளக்கம் ஐயத்திற்குரியது. 'மைன் ஜான்தா ஹூன்' என்பதே இயல்பான உருது. 'மைன் ஜான் ரஹா ஹூன்' என்று இப்பொருளில் உருது மொழியினர் சொல்வதில்லை. தாய்மொழியில் இல்லாத தொடர்வினையை ஆங்கிலத்தில் ஏற்றுவதற்குத் தாய்மொழி காரணமாக இயலாது. 'ஹூன்' என்பதற்கு 'ஆம்' வேண்டும் என்று முடிவு செய்த மாணவன், 'ஆம்' வந்தால் வினையோடு 'இங்' வர வேண்டும் என்ற ஆங்கில விதியையும் நினைவுகூர்வதே இதன் தோற்றம் எனக் கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. அவ்வாறாயின் இது உருதுவின் நேரடித் தாக்கமன்று. பாதி விளங்கிய ஆங்கில விதி, பாதி விளங்கிய உருதுச் சமன்பாட்டோடு கலந்ததன் விளைவு.

இயைபு அமரும் இடம்

உருதுவின் வழக்க நிகழ்காலம் ஒரு சொல் அன்று. முற்றுப்பெறாச் செயலைக் குறிக்கும் எச்ச வடிவமும் இருப்பு வினையும் சேர்ந்த இருசொற் கூட்டு அது. முதல் உறுப்பாகிய 'ஜாதா, ஜாதே, ஜாதீ' பாலையும் எண்ணையும் காட்டும். இரண்டாம் உறுப்பாகிய 'ஹூன், ஹை, ஹோ, ஹைன்' இடத்தையும் எண்ணையும் காட்டும். இவை தம்முள் சேர்ந்து 'ஜாதா ஹூன், ஜாதீ ஹூன், ஜாதா ஹை, ஜாதீ ஹை, ஜாதே ஹோ, ஜாதீ ஹோ, ஜாதே ஹைன், ஜாதீ ஹைன்' என 8 வடிவங்களாகின்றன. ஆங்கிலத்திலோ 'கோ, கோஸ்' என 2 வடிவங்களே உள்ளன. 8 வடிவங்களை ஐந்து வயதுக்குள் பிழையின்றிக் கையாளும் குழந்தை, பதினைந்து வயதில் 2 வடிவங்களுக்கிடையே தடுமாறுவது இயைபு என்னும் கருத்து விளங்காமையால் நேர முடியாது.

மாற்றுப்பெயர்களை நோக்கின் காரணம் புலப்படும். உருதுவில் 'வோ' என்னும் ஒரு சொல் ஆங்கிலத்தின் 'ஹி, ஷி, இட், தே' ஆகிய நான்கிற்கும் நிகராக நிற்கவல்லது. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதை 'வோ' சொல்வதில்லை. 'வோ ஜாதா ஹை, வோ ஜாதீ ஹை, வோ ஜாதே ஹைன்' எனத் தொடரின் இறுதியில் வரும் வினையே சொல்கிறது. ஆங்கிலத்தில் இந்நிலை தலைகீழானது. எழுவாய்ப் பெயரே அனைத்தையும் சொல்லிவிடுகிறது. அதன்பின் வரும் 'ஸ்' புதிய செய்தி எதையும் தருவதில்லை. உருதுவில் வினையின் இறுதி இன்றியமையாதது. ஆங்கிலத்தில் அது மிகை. செய்தி தராத விகுதியைக் கற்போன் விட்டுவிடுவதில் வியப்பில்லை. அத்துடன் 'வொர்க்ஸ்', 'ஹெல்ப்ஸ்' போன்ற சொற்களில் மெய்ம்மயக்கத்தின் கடையில் அது செவிக்கு எட்டாமலும் போகிறது.

'ஹி', 'ஷி' ஆகிய இரண்டையும் உருது மாணவர் மாற்றி வழங்குவதன் காரணமும் இதுவே. தமிழாசிரியருக்கு இப்பிழை விளங்குவது கடினம். தமிழில் 'அவன் போகிறான், அவள் போகிறாள்' எனப் பெயரும் வினையும் ஒருங்கே பாலை உணர்த்துகின்றன. ஆகவே தமிழ் மாணவன் ஆங்கிலம் கற்கையில் இரண்டில் ஒன்றைக் கைவிட்டால் போதும். உருது மாணவனோ வினையில் வைத்துப் பழகிய பாலைப் பெயருக்கு மாற்ற வேண்டும். பெண்ணொருத்தி தன்னைப் பற்றிச் சொல்கையிலும் உருதுவில் 'மைன் ஜாதீ ஹூன்' என்றே சொல்கிறாள். ஆங்கிலத்தின் 'ஐ கோ' அவளுடைய பெண்மையைச் சொல்வதில்லை. தன்மையிலும் பால் காட்டுவது தமிழ் அறியாத நுட்பம்.

உருதுவில் 'கல்' என்னும் ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். எதனைக் குறிக்கிறது என்பதைத் தொடரிறுதி வினையைக் கேட்டபின்னரே துணிய முடியும். உருதுவைக் கேட்கும் செவி இறுதிவரை காத்திருக்கப் பழகியது. ஆங்கிலத்தில் காலம் எழுவாயை அடுத்தே வந்துவிடுகிறது. சொல்வரிசை வேறுபாடு இதனோடு இணைந்ததே எனினும், வினையை இடையில் வைக்கும் முறையை மாணவர் விரைவில் கற்றுவிடுவதால் அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

உயர்வுப் பன்மை

'ஸ்' விகுதி விடப்படும் இடங்களுள் ஒரு வகை தனித்து ஆராயத்தக்கது. உருதுவில் தந்தையைப் பற்றிப் பேசும்போது 'வாலித் ஸாஹிப் தஃப்தர் ஜாதே ஹைன்' என்றே சொல்ல வேண்டும். தாயைப் பற்றி 'அம்மீ கானா பகாதீ ஹைன்' என்று சொல்ல வேண்டும். எழுவாய் ஒருவரே ஆயினும் வினை பன்மை. 'வாலித் ஸாஹிப் ஜாதா ஹை' என்பது இலக்கணப் பிழை மட்டுமன்று, அவமதிப்பு. இதனைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 'அப்பா போகிறார்' என்பதிலுள்ள 'ஆர்' விகுதி பலர்பால் விகுதியே. ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே குறித்துள்ளார்.

மாணவி ஒருத்தி தன் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுவதாகக் கொள்ளலாம். தம்பி விளையாடுகிறான், பூனை பால் குடிக்கிறது என்னும் இடங்களில் 'ஸ்' சேர்க்கிறாள். தந்தை அலுவலகம் போகிறார், தாய் சமைக்கிறார், பாட்டனார் செய்தித்தாள் படிக்கிறார் என்னும் இடங்களில் 'மை ஃபாதர் கோ', 'மை மதர் குக்' என எழுதுகிறாள். திருத்துவோர் கண்ணுக்கு இவள் விதியை ஓரிடத்தில் அறிந்தும் மற்றோரிடத்தில் மறந்தும் எழுதும் கவனக்குறைவுடையவள். உண்மையில் அவள் எழுத்தில் முரண் ஏதுமில்லை. ஒருமைக்கு 'ஸ்', பன்மைக்கு வெறும் வினை என்னும் ஆங்கில விதியை அவள் சரியாகவே பின்பற்றியுள்ளாள். தந்தையும் தாயும் அவளுக்குப் பன்மை. சிவப்பு மையால் அடிக்கப்படுவது அவளுடைய இலக்கண அறிவா, அவள் வீட்டில் கற்ற மரியாதையா என்று கேட்க இடமுண்டு.

இக்கருதுகோள் எளிதில் சோதிக்கத்தக்கது. மாணவர் எழுத்துகளில் விடப்பட்ட 'ஸ்' விகுதிகளை ஒட்டுமொத்தமாக எண்ணாமல், மதிப்புக்குரிய எழுவாய், அல்லாத எழுவாய் என இரண்டாகப் பிரித்து எண்ண வேண்டும். முதல் வகையில் விடுகை குறிப்பிடத்தக்க அளவு மிகுமாயின் உயர்வுப் பன்மையின் தாக்கம் உறுதிப்படும். இரண்டிலும் ஒத்திருப்பின், பிரவுன் முதலியோர் காட்டிய பொதுவான காலத்தாழ்வே காரணமாகும். இலக்கணப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் சிறுவர் பெயர்களையே எழுவாயாக அமைப்பதால் இவ்வேறுபாடு பயிற்சியில் வெளிப்படுவதில்லை. மாணவர் தாமாக எழுதும் கட்டுரையிலேயே வெளிப்படும். பாகிஸ்தானின் மெட்ரிக் தேர்வில் ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இருக்கும் நிலையில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

எதிர்மறையும் வினாவும்

எதிர்மறையில் உருதுவும் ஆங்கிலமும் நேரெதிர்த் திசைகளில் செல்கின்றன. 'வோ ஜாதா ஹை' என்னும் உடன்பாட்டுத் தொடர் எதிர்மறையாகும்போது 'வோ நஹீன் ஜாதா' என நிற்கும். இருப்பு வினையாகிய 'ஹை' பெரும்பாலும் மறைந்துவிடும். 'மைன் நஹீன் ஜாதா, தூ நஹீன் ஜாதா, வோ நஹீன் ஜாதா' என மூவிடத்திற்கும் வினை ஒரே வடிவம் பெறுகிறது. இடம் காட்டிய உறுப்பு நீங்கியதால் இடச்செய்தியும் நீங்குகிறது. ஆங்கிலமோ உடன்பாட்டில் இல்லாத துணைவினையை எதிர்மறையில் புதிதாகக் கொணர்ந்து, 'ஸ்' விகுதியையும் அதன்மேல் ஏற்றுகிறது: 'ஹி கோஸ்' என்பது 'ஹி டஸ் நாட் கோ' ஆகிறது.

ஆகவே 'ஹி நாட் கோ' என எழுதும் உருது மாணவன் தன் மொழி கற்பித்தவாறு துணைவினையை நீக்கியிருக்கிறான். உடன்பாட்டில் 'இஸ்'ஸை மிகையாகச் சேர்ப்பவனும் எதிர்மறையில் 'டஸ்'ஸை விடுபவனும் ஒருவனே. இரண்டு பிழைகளுக்கும் மூலம் ஒன்றே. இவற்றைத் தனித்தனிப் பாடங்களில் தனித்தனிக் குறைகளாகத் திருத்துவதால் பயன் குறைவு. தமிழ் மாணவனின் நிலை இங்கும் வேறு. 'அவன் போவதில்லை' என்பதில் 'இல்லை' புதிதாக வந்து சேர்கிறது. மூவிடத்திற்கும் பொதுவாகவும் நிற்கிறது. எதிர்மறைக்கென ஒரு சொல் வந்து முதல்வினையின் விகுதியை அகற்றும் என்னும் கருத்து அவனுக்குப் பழக்கமானது.

வினாவில் இடர்ப்பாடு 'க்யா' என்னும் சொல்லால் விளைகிறது. 'க்யா வோ ஜாதா ஹை?' என்பதற்கு 'டஸ் ஹி கோ?' என்று கற்பிக்கையில், தொடர் முதலில் வரும் 'க்யா'வுக்கு 'டூ' அல்லது 'டஸ்' என்னும் சமன்பாடு உருவாகிறது. 'வோ க்யா காதா ஹை?' என வினைக்கு அருகில் 'க்யா' வந்தால் அதன் பொருள் 'என்ன' என்பதாகும். ஆங்கிலத்தில் 'வாட் டஸ் ஹி ஈட்?' என இரு சொற்கள் தேவை. இருக்கும் ஒரே 'க்யா'வை 'வாட்' என ஆக்கிவிட்ட மாணவனிடம் 'டஸ்' ஆக்குவதற்குச் சொல் எஞ்சுவதில்லை. 'வாட் ஹி ஈட்ஸ்?' என்பது அவ்வாறு அமைந்ததே. 'டஸ் ஹி கோஸ்?' என்னும் பிழை இதனினும் முன்னேறிய நிலையைக் காட்டுவது. அதில் விதி கற்கப்பட்டுவிட்டது, விகுதி ஓரிடத்தில் மட்டுமே அமரும் என்பது மட்டும் எஞ்சியுள்ளது. இரண்டிற்கும் ஒரே மதிப்பெண் குறைக்கப்படுவது வழக்கம்.

'எனக்கு' எனத் தொடங்குவன

அடையாள விதி முற்றிலும் கைவிடும் இடமும் உண்டு. 'ஐ லைக்', 'ஐ வான்ட்', 'ஐ ஹேவ்', 'ஐ நோ' ஆகியன ஆங்கில உரையாடலில் மிகுதியாக வழங்கும் எளிய நிகழ்காலத் தொடர்கள். உருதுவில் இவற்றின் நிகர்கள் முறையே 'முஜே பஸந்த் ஹை', 'முஜே சாஹியே', 'மேரே பாஸ் ஹை', 'முஜே மாலூம் ஹை' என அமைகின்றன. எவற்றிலும் 'தா ஹை' இல்லை. 'தா ஹை'யைத் தேடும்படி பயிற்றுவிக்கப்பட்ட மாணவன் இத்தொடர்களை எளிய நிகழ்காலமாக அடையாளம் காண்பதில்லை.

'முஜே' என்பது 'எனக்கு'. உணர்வோனும் அறிவோனும் எழுவாயாகாமல் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்பது தெற்காசிய மொழிகள் பலவற்றின் பொதுப்பண்பு. எமனோ 1956இல் முன்வைத்த இந்திய மொழிப்புலக் கோட்பாட்டின் வழியில் மாசிகா 1976இல் விரிவாக ஆராய்ந்த கூறுகளுள் இதுவும் ஒன்று. 'எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குத் தெரியும்' என்னும் தமிழ்த் தொடர்கள் உருதுத் தொடர்களோடு சொல்லுக்குச் சொல் ஒக்கின்றன. 'முஜே அங்ரேஸீ ஆதீ ஹை' என்னும் உருதுத் தொடரும் 'எனக்கு ஆங்கிலம் வரும்' என்னும் தமிழ்த் தொடரும் ஒரே அச்சில் வார்த்தவை போல்வன. அங்கு வினை 'முஜே'வோடு இயையாமல், பெண்பாற் பெயராகிய 'அங்ரேஸீ'யோடு இயைந்து படர்க்கையில் நிற்கிறது. 'எனக்கு' என்பதை 'நான்' என்று எழுவாயாக்கி, வினையையும் அதனோடு இயைக்க வேண்டிய மாற்றம் உருது மாணவனுக்கும் தமிழ் மாணவனுக்கும் பொது. ஆம்பூர், வாணியம்பாடி வகுப்பறைகளில் தமிழும் உருதுவும் கலந்து அமர்ந்திருக்கும் இடத்து, இந்த ஒரு பாடத்தை இருசாரார்க்கும் சேர்த்தே நடத்தலாம்.

மறுதலையாக, 'தா ஹை' இருந்தும் எளிய நிகழ்காலம் வாராத இடங்களும் உள்ளன. வெளியே புறப்படுபவர் 'மைன் அபீ ஆதா ஹூன்' என்கிறார். தமிழர் 'இதோ வருகிறேன்' என்பது போன்றதே இது. ஆங்கிலத்தில் இவ்விடத்து எதிர்காலமே வரும். விதிப்படி 'ஐ கம் நௌ' என்று சொல்லும் மாணவன் விதியைக் கற்றதாலேயே தவறுகிறான்.

'நிகழ்காலம்' என்னும் பெயர்

இவ்வனைத்திற்கும் பின்னால் பெயரிலேயே ஒரு சிக்கல் உள்ளது. ஆங்கில எளிய நிகழ்காலம் பெரும்பாலும் இப்போது நிகழ்வதைக் குறிப்பதில்லை. ஞாயிறு கிழக்கில் எழுவதையும், நீர் நூறு பாகையில் கொதிப்பதையும், ஒருவர் நாள்தோறும் நடப்பதையும் அது குறிக்கிறது. 'முத்லக்' என்னும் அரபுச்சொல் இவ்வியல்பை ஓரளவு உணர்த்துகிறது. ஆயினும் மாணவர் பலருக்கு அது பொருள் விளங்காத வெறும் பெயராகவே நிற்கிறது.

முக்காலத்திற்கும் பொதுவாக நிற்கும் இயல்புகளை நிகழ்காலத்துப் பொதுச்சொல்லால் கூற வேண்டும் என்று தொல்காப்பிய வினையியல் விதிக்கிறது. மலை நிற்றல், ஞாயிறு இயங்குதல் போன்றவற்றை உரையாசிரியர் சான்றாகக் கொள்வர். அப்பொதுச்சொல் 'செய்யும்' என்னும் வாய்பாடு. ஆங்கில எளிய நிகழ்காலத்தின் முதன்மைப் பயனைத் தமிழ் இலக்கணம் இவ்வளவு முற்பட்ட காலத்திலேயே தனித்துக் கண்டுள்ளது. 'கிறு, கின்று' இடைநிலைகள் சங்க இலக்கியத்தில் அரியன. பின்னர் அவை பெருகியபோது 'ஆநின்று' என்பதோடு சேர்த்து நன்னூல் அவற்றை நிகழ்கால இடைநிலைகளாக வகுத்தது. 'செய்யும்' வடிவமோ எதிர்காலத்தையும் வழக்கத்தையும் குறிப்பதாக ஒதுங்கியது.

உருதுவிலும் இதற்கிணையான மாற்றம் நிகழ்ந்துள்ளது. 'கரோதி' என்னும் வடமொழி நிகழ்கால ஒருசொல் வினை படிப்படியாகத் திரிந்து 'கரே' என்றாயிற்று. 'கர்தா ஹை' என்னும் இருசொற் கூட்டு நிகழ்காலத்தைக் கைப்பற்றியபின், 'கரே' விழைவையும் ஐயத்தையும் குறிக்கும் வடிவமாக ஒதுங்கியது. உருது இலக்கணிகள் இதனை 'முஸாரி' என்பர். 'ந ஜானே' போன்ற மரபுத் தொடர்களில் மட்டும் பழைய நிகழ்காலப் பொருள் எஞ்சியுள்ளது. துணைவினை இல்லாமல் ஒரே சொல்லால் நிகழ்காலம் கூறும் முறை உருதுவுக்கு முற்றிலும் அயலானதன்று. அது இழந்த முறை. இவ்வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. 'ஜானே' எனும் வடிவில் 'ஹை' இல்லாமலே பொருள் நிறைகிறது என்று காட்டினால், 'நோஸ்' என்பதற்கு முன் 'இஸ்' வேண்டாமை வியப்பாகத் தோன்றாது.

வகுப்பறைக்குரியன

மேற்கண்டவற்றிலிருந்து பாடவரிசை ஒன்று உருவாகிறது. 'தா ஹை' அடையாள விதியை அடியோடு கைவிட வேண்டுவதில்லை; அதனை இரண்டாம் நிலைக்குத் தள்ளினால் போதும். முதலில் 'ஹை'யின் இரு தொழில்களைப் பிரித்துக் காட்ட வேண்டும்: பெயருக்குப் பின் வரும் 'ஹை' ஆங்கிலத்தில் 'இஸ்' ஆகும், 'தா'வுக்குப் பின் வரும் 'ஹை' ஆங்கிலத்தில் 'ஸ்' என்னும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி வினையோடு ஒட்டிக்கொள்ளும். 'ஹை'யை விட்டுவிடு என்று சொல்வதைவிட 'ஹை' இங்கே 'ஸ்' ஆயிற்று என்று சொல்வதே மேல். அவ்வாறு சொன்னால் மாணவனின் கணக்கில் எதுவும் விடுபடுவதில்லை. சொல்லுக்குச் சொல் தேடும் அவன் பழக்கமே விகுதியை நினைவூட்டும். 'ஹூன்', 'ஹோ', 'ஹைன்' ஆகியன ஆங்கிலத்தில் ஒலியின்றி மறையும் என்பதை இதன் தொடர்ச்சியாகக் கூறலாம்.

அடுத்து உடனே எதிர்மறையைக் கற்பிக்க வேண்டும். பல பாடங்கள் கழித்தன்று. 'ஸ்' வினையிலிருந்து விலகி 'டஸ்'ஸில் அமர்வதை மாணவர் ஒரே நாளில் காண வேண்டும். எழுத்துப் பலகையில் அவ்வெழுத்தை வேற்று நிறத்தில் எழுதி, அதனை அழித்து 'டூ'வின் அருகே மீண்டும் எழுதுவது போதிய விளக்கம்.

தந்தை, தாய், ஆசிரியர் ஆகியோரை எழுவாயாகக் கொண்ட தொடர்கள் தொடக்கத்திலிருந்தே பயிற்சியில் இடம்பெற வேண்டும். ஆங்கில வினை மதிப்பைக் காட்டுவதில்லை. ஒருவர் எத்துணை உயர்ந்தவராயினும் அவரை ஒருமையிலேயே கூறும். மதிப்பை விளிப்பெயர்களிலும் பணிவுச் சொற்களிலும் அது காட்டும் என்பதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். 'மை ஃபாதர் கோஸ்' என எழுதுவதால் தந்தைக்கு மரியாதைக் குறைவு நேர்வதில்லை என்று ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டால், மாணவன் 'ஃபாதர்' என்னும் சொல்லுக்குப் பின் தயக்கமின்றி 'ஸ்' இடுவான்.

தக்கனி பேசும் தமிழ்நாட்டு மாணவர்க்கு ஒரு சிறு மாற்றம் தேவைப்படும். அவர்தம் பேச்சில் 'ஜா ரஹா ஹை' என்பது 'ஜாரா' என்ற அளவில் சுருங்கி வழங்குவதால், 'ரஹா ஹை'யைத் தேடும்படி சொல்லும் நூல்விதி அவர்கள் செவிக்கு எட்டாத வடிவத்தைத் தேடச் சொல்கிறது. இலாகூருக்கும் இலக்னோவிற்கும் எழுதப்பட்ட விதியை ஆம்பூரில் அப்படியே ஓதாமல், மாணவர் வீட்டில் பேசும் 'ஜாதா', 'ஜாரா' என்னும் இணையிலிருந்தே வழக்கத்திற்கும் நடப்பிற்கும் உரிய வேறுபாட்டைத் தொடங்கலாம்.